உங்கள் ஊர் வாக்குச்சாவடி எப்படி வாக்களித்தது? விருதுநகர் தொகுதியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூர் 3,85,256 வாக்குகளும், தேமுதிக வேட்பாளர் விஜயபிரபாகரன் 3,80,877 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 4,379. தமிழகத்தின் 39 தொகுதிகளையும் திமுக கூட்டணி வென்ற அந்தத் தேர்தலில் இவ்வளவு நெருக்கமான போட்டி வேறெங்கும் நடக்கவில்லை. ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்களும் 1,500க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளும் கொண்ட தொகுதியில், அந்த வித்தியாசத்தைச் சாவடிகளுக்குப் பங்கிட்டால் சாவடி ஒன்றுக்கு மூன்று வாக்குகூடத் தேறாது. அப்படியானால் எந்த ஊர் யாரை மேலே தூக்கியது, எந்த ஊர் கைவிட்டது என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்கான விடை பொதுவெளியில் ஆவணமாகவே இருக்கிறது. அதைத் தேடி எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களும் தேர்தல் வியூகம் வகுப்பவர்களும் இந்த ஆவணங்களை வரி வரியாகப் படிக்கிறார்கள். வாக்களித்த மக்களோ தொகுதியின் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். ஊராட்சியில் ஒரு சாலையோ குடிநீர்த் தொட்டியோ கேட்கப் போகும்போது, ‘உங்கள் ஊர் எங்களுக்கு வாக்களிக்கவில்லையே’ என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா என்று சரிபார்க்கும் திறன் ஊர்மக்களிடமும் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். விருதுநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், முறை தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளுக்கும் பொருந்தும்.

எல்லையை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்

விருதுநகர் மாவட்டம் வேறு, விருதுநகர் மக்களவைத் தொகுதி வேறு. மாவட்டத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி என ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. இவற்றில் நடுவிலுள்ள நான்கு மட்டுமே விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியிலும், திருச்சுழி ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும் சேர்ந்துள்ளன. மறுபுறம், மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் உள்ளன. சட்டமன்றத் தொகுதிகளின் வரிசை எண்ணைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்: 195, 196 ஆகிய இரண்டும் மதுரை மாவட்டத்தவை, 204 முதல் 207 வரை விருதுநகர் மாவட்டத்தவை. ஆகவே, ‘விருதுநகர் மாவட்டம் 2024-ல் எப்படி வாக்களித்தது’ என்று எழுத விரும்புகிறவர் மூன்று மக்களவைத் தொகுதிகளின் ஆவணங்களைத் திரட்ட வேண்டும். மூன்றிலும் வேட்பாளர்கள் வேறு. போட்டியிட்ட கூட்டணிக் கட்சிகளும் சின்னங்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மாவட்டத்தின் பெயரும் தொகுதியின் பெயரும் ஒன்றாக இருக்கும் இடங்களில் நாளிதழ்ச் செய்திகள்கூட இந்த இடத்தில் இடறுவதுண்டு.

பழைய தேர்தல்களோடு ஒப்பிடுவதற்கும் எல்லைதான் முதல் தடை. 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பில் சிவகாசி மக்களவைத் தொகுதி நீங்கி விருதுநகர் தொகுதி உருவானது. வைகோ 1998-லும் 1999-லும் வென்றது பழைய சிவகாசித் தொகுதியில். அதன் எண்களை இன்றைய விருதுநகர் தொகுதியின் எண்களுக்கு அருகில் வைத்து ஏற்ற இறக்கம் பேசுவது தவறு. 2009 முதல் 2024 வரை நடந்த நான்கு மக்களவைத் தேர்தல்கள்தாம் ஒரே எல்லைக்குள் நடந்தவை. ஒப்பீட்டை அந்த நான்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

உங்கள் பாகம் எண்ணைக் கண்டறிதல்

வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வாக்குச்சாவடி. தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பிலும், வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்திலும் பாகம் எண் இருக்கும். அந்த முதல் பக்கத்தை அவசியம் பாருங்கள். அந்தப் பாகத்துக்குள் எந்தெந்தத் தெருக்கள் வருகின்றன, சாவடி எந்தப் பள்ளியின் எந்தப் பகுதியில் இருக்கிறது, ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் எத்தனை பேர் என்ற விவரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். ஒரே பள்ளியில் மூன்று, நான்கு சாவடிகள் அமைவது வழக்கம் என்பதால், பள்ளியின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அடுத்த தெருவின் எண்ணை உங்கள் தெருவின் எண்ணாக எடுத்துக்கொள்ள நேரும்.

எந்தத் தேர்தலைப் படிக்கிறீர்களோ, அந்தத் தேர்தலுக்குப் பயன்பட்ட பட்டியலின் பாகம் எண்ணே தேவை. ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர்களுக்கு மேல் போனால் அது பிரிக்கப்படும் என்பது 2024 வரை இருந்த வரம்பு. ஒரு சாவடி பிரிந்தால் அதற்குப் பின்வரும் எண்கள் எல்லாம் ஒன்றிரண்டு தள்ளிப்போகக்கூடும். 2019-ல் 143 ஆக இருந்த சாவடி 2024-ல் 147 ஆக இருக்கலாம். எண்ணை எண்ணோடு பொருத்தாமல், முதல் பக்கத்தில் உள்ள தெருப் பெயர்களைத் தெருப் பெயர்களோடு பொருத்துவதே சரியான வழி. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த ஒப்பீடும் வேறொரு ஊரைப் பற்றிய கதையாகிவிடும். 2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த பட்டியல்களை 2024-ன் எண்களோடு பொருத்தும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை.

படிவம் 20

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத்தாள்தான் படிவம் 20. தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் இது பிடிஎஃப் கோப்பாக ஏற்றப்படுகிறது. மக்களவைத் தேர்தலாக இருந்தால் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனித்தனித் தாள் உண்டு. விருதுநகருக்கு ஆறு பகுதிகள். அந்த ஆறையும் தொகுத்த சுருக்கத் தாள் ஒன்றும் சேர்ந்திருக்கும்.

தாளைத் திறந்தால் இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண் இருக்கும். அதையடுத்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி. வேட்பாளர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருந்த அதே வரிசையில் நிற்பார்கள்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவுபெற்ற பிற கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். வேட்பாளர்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் தாள் அகன்று, தலைப்புப் பெயர்கள் செங்குத்தாக நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். பெயருக்கு அருகில் கட்சியின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேட்பாளர் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, எந்தப் பத்தி யாருடையது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னணி வேட்பாளரின் பெயரையொத்த பெயருடைய சுயேச்சைகள் நிற்பது நம் தொகுதிகளில் வழக்கமாகிவிட்டதால், பெயரின் முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் பத்தியை முடிவு செய்வது ஆபத்து.

வேட்பாளர்களின் பத்திகள் முடிந்ததும் செல்லுபடியான வாக்குகளின் கூட்டுத்தொகை, நிராகரிக்கப்பட்ட வாக்குகள், நோட்டா, மொத்தம், கடைசியாக டெண்டர் வாக்குகள் என்ற பத்திகள் வரும். இயந்திர வாக்குப்பதிவில் நிராகரிப்புப் பத்தி பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும். டெண்டர் வாக்கு என்பது, தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதை அறிந்த வாக்காளருக்குத் தனியே தரப்படும் வாக்குச்சீட்டு. அது எண்ணிக்கையில் சேராது. ஆனால் அந்தப் பத்தியில் சுழியத்துக்கு மேல் ஓர் எண் இருந்தால், அந்தச் சாவடியில் ஆள்மாறாட்டப் புகார் எழுந்திருக்கிறது என்பதற்கு அது அரசு ஆவணமே தரும் சான்று. எனவே அந்தக் கடைசிப் பத்தியை மேலோட்டமாகவாவது பார்த்துவிடுங்கள்.

சில கோப்புகள் நேரடியாக நகலெடுக்கக்கூடியவை. பல, தாளை ஒளிவருடி (ஸ்கேன் செய்து) ஏற்றியவை. அவற்றில் எண்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். தானியங்கி எழுத்துணரியைப் பயன்படுத்தினால் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் இடம் மாறுவது சாதாரணம். எக்செல் தாளில் ஒரு வரிசைக்கு ஒரு சாவடி என்று எண்களை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் தாளில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாகக் கூட்டி, கடைசிப் பக்கத்தின் அடிவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தட்டச்சுப் பிழை பெரும்பாலும் இல்லை என்று நம்பலாம்.

சாவடிக் கணக்கில் சேராதவை

தாளின் அடிப்பகுதியில் இயந்திரங்களில் பதிவானவை ஒரு வரியாகவும், தபால் வாக்குகள் தனி வரியாகவும் இருக்கும். தபால் வாக்குகளுக்குச் சாவடி கிடையாது. படைவீரர்கள், தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள், 2024-ல் 85 வயதைக் கடந்தவர்கள், வீட்டிலிருந்தே வாக்களிக்க விரும்பிய மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாக்குகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்பது படிவம் 20-ல் தெரியாது. ஓர் ஊரில் ஆசிரியர்களும் காவலர்களும் நிறைய வசித்தால், அந்த ஊரின் சாவடி எண்கள் அந்த ஊரை முழுமையாகக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சிறு பிறழ்வு உண்டு. தங்கள் தொகுதிக்குள்ளேயே தேர்தல் பணி பார்க்கும் அலுவலர்கள் பணிச் சான்றிதழைக் காட்டி, பணி பார்க்கும் சாவடியிலேயே வாக்களிக்கலாம். நானூறு பேர் உள்ள சிறிய சாவடியில் இப்படி நான்கைந்து வாக்குகள் கூடினால் சதவீதம் ஒன்றுக்கு மேல் நகர்ந்துவிடும். வாக்காளர் எண்ணிக்கையைவிட ஓரிரு வாக்குகள் கூடுதலாகப் பதிவானதாகத் தோன்றும் சாவடிகளைக் கண்டவுடனே முறைகேடு என்று எழுதிவிடுவதற்கு முன், இந்தக் காரணத்தையும் எண்ணிப் பாருங்கள்.

படிவம் 20-ஐ இன்னோர் ஆவணத்தோடும் ஒப்பிடலாம். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியின் தலைமை அலுவலர் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதைப் படிவம் 17சி-யில் எழுதி, அங்கிருக்கும் முகவர்களுக்கு நகல் தருகிறார். யாருக்கு எத்தனை என்பது அதில் இருக்காது. மொத்தம் மட்டுமே இருக்கும். உங்கள் ஊரில் முகவராக இருந்தவரிடம் கேட்டால் அந்த நகல் கிடைக்கும். 17சி-யின் மொத்தமும் படிவம் 20-ன் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் முதலில் தேட வேண்டிய காரணம் மாதிரி வாக்குப்பதிவு: காலையில் முகவர்கள் முன்னிலையில் போட்டுக்காட்டிய மாதிரி வாக்குகளை இயந்திரத்திலிருந்து அழிக்காமல் விட்டிருந்தால் கணக்கு இடிக்கும். அத்தகைய இயந்திரங்கள் எண்ணிக்கையின்போது தனியே எடுத்துவைக்கப்படும். அதனால்தான் சில தாள்களில் ஒரு சாவடியின் வரிசைக்கு மட்டும் விளக்கக் குறிப்பு இருக்கும், அல்லது எண்ணே இருக்காது.

காரணம் விளங்காத வேறுபாடு இருந்தால், சாவடி எண்ணையும் இரண்டு மொத்தங்களையும் குறிப்பிட்டு மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனுச் செய்யலாம். ஆனால் முடிவையே எதிர்த்து வழக்குத் தொடுப்பதற்கு, முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களே கால அவகாசம். வேட்பாளரோ அத்தொகுதியின் வாக்காளரோ உயர் நீதிமன்றத்தில் அந்த மனுவைத் தாக்கல் செய்யலாம். விருதுநகரின் 2024 முடிவும் அப்படிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

எதற்கு எத்தனை சதவீதம்?

‘நாற்பது சதவீதம் வாங்கினார்’ என்று ஒருவர் சொன்னால், எதில் நாற்பது என்று கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள வாக்காளர்களிலா, பதிவான வாக்குகளிலா, நோட்டாவை நீக்கிய வாக்குகளிலா என்பதைப் பொறுத்து எண் மாறும். விருதுநகரில் 2024-ல் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களின் வாக்குகளைக் கூட்டினால் 10,09,435 வருகிறது: மாணிக்கம் தாகூர், விஜயபிரபாகரன் ஆகியோருக்கு அடுத்து பாஜகவின் ராதிகா சரத்குமார் 1,66,271, நாம் தமிழர் கட்சி வேட்பாளர் 77,031. இந்த நால்வருக்குள் பங்கிட்டால் 38.2, 37.7, 16.5, 7.6 என்று அமைகிறது. ஆனால் சுயேச்சைகளையும் நோட்டாவையும் சேர்த்துக் கணக்கிட்டால் நால்வரின் பங்குமே சற்றுக் குறையும். இரண்டு கணக்கும் சரியானவையே. ஆனால் 2019-க்கு ஒரு முறையையும் 2024-க்கு இன்னொரு முறையையும் பயன்படுத்தினால் நடக்காத மாற்றம் நடந்ததுபோல் தோன்றும். பதிவான மொத்த வாக்குகளை அடிப்படையாகக் கொள்வது என்று முடிவு செய்தால், எல்லா ஆண்டுகளுக்கும் அதையே பின்பற்றுங்கள். அதோடு பட்டியலில் உள்ள வாக்காளர்களில் எத்தனை சதவீதம் என்ற பத்தி ஒன்றையும் தனியே வைத்துக்கொண்டால், ஒரு கட்சியின் வாக்கு எதிரணிக்குப் போனதா, அல்லது அதன் ஆதரவாளர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்களா என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

நான்கு தேர்தல்களை அருகருகே வைத்தல்

விருதுநகர் ஏன் நல்ல பாடம் என்பது இங்கேதான் தெரியும். 2009, 2014, 2019, 2024 ஆகிய நான்கு மக்களவைத் தேர்தல்களிலும் மாணிக்கம் தாகூர் இதே தொகுதியில், இதே கை சின்னத்தில் போட்டியிட்டார். ஆளும் மாறவில்லை, சின்னமும் மாறவில்லை, எல்லையும் மாறவில்லை. அவர் பெற்ற வாக்குகள்: 2009-ல் 3,07,187, 2014-ல் 38,482, 2019-ல் 4,70,883, 2024-ல் 3,85,256.

2014-ல் அவருடைய வாக்கு எட்டில் ஒரு பங்காகச் சரிந்ததையும், ஐந்தாண்டில் பன்னிரண்டு மடங்காக உயர்ந்ததையும் மட்டும் பார்ப்பவர், இந்தத் தொகுதி மக்கள் நிலையற்ற மனம் கொண்டவர்கள் என்று நினைத்துவிடுவார். உண்மையில் மாறியது கூட்டணி. 2009-ல் காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து நின்றது; எதிரே அதிமுக கூட்டணியில் மதிமுகவின் வைகோ 2,91,423 வாக்குகள் பெற்று 15,764 வாக்குகளில் தோற்றார். தேமுதிக தனியே நின்று ஏறத்தாழ 1.25 லட்சம் வாக்குகளைப் பிரித்தது. 2014-ல் அதிமுகவும் திமுகவும் காங்கிரஸும் தனித்தனிப் பாதையில் நின்றன. மதிமுக, தேமுதிக, பாமக ஆகியவை பாஜக அணியில் இருந்தன. அதிமுகவின் ராதாகிருஷ்ணன் 4,06,694 வாக்குகளுடன் வென்றார். வைகோ 2,61,143, திமுகவின் ரத்தினவேலு 2,41,505. தனித்து நின்ற காங்கிரஸின் சொந்த வாக்கு எவ்வளவு என்பதை 38,482 என்ற எண் காட்டுகிறது. மற்ற மூன்று தேர்தல்களில் கை சின்னத்தில் விழுந்தவற்றில் பெரும்பகுதி கூட்டணிக் கட்சிகளின், குறிப்பாகத் திமுகவின், வாக்கு.

ஆகவே உங்கள் எக்செல் தாளில் ஒவ்வொரு தேர்தலுக்கும் சாவடி வரிசைகளுக்கு மேலே மூன்று வரிகளை ஒதுக்குங்கள்: வேட்பாளரின் பெயர், சின்னம், அவர் பின்னால் நின்ற கூட்டணிக் கட்சிகள். அந்த மூன்றாவது வரியை நிரப்பும்போதுதான் எண்கள் பேசத் தொடங்கும். விருதுநகருக்கு இதை நிரப்பினால் எவருக்கும் வியப்பூட்டும் ஓர் உண்மை வெளிப்படும். தமிழகத்தின் இரண்டு பெரிய கட்சிகளின் சின்னங்களான உதயசூரியனும் இரட்டை இலையும் இந்தத் தொகுதியின் மக்களவைத் தேர்தல்களில் 2014-ல் மட்டுமே வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருந்தன. மற்ற மூன்று முறையும் திமுக இந்த இடத்தைக் காங்கிரஸுக்கும், அதிமுக மதிமுகவுக்கோ தேமுதிகவுக்கோ விட்டுக்கொடுத்தன. உங்கள் ஊரில் திமுகவுக்கு எவ்வளவு பலம், அதிமுகவுக்கு எவ்வளவு பலம் என்ற கேள்விக்கு 2019, 2024 மக்களவைத் தாள்களில் நேரடி விடை இல்லவே இல்லை. அதற்குச் சட்டமன்றத் தேர்தல்களின் படிவம் 20-ஐ எடுக்க வேண்டும். அங்கும் கவனம் தேவை: 2021-ல் சாத்தூரில் மதிமுக வேட்பாளர் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார், சிவகாசியில் காங்கிரஸ் வென்றது. அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும்தான் திமுகவினரே வென்றனர். திருமங்கலத்திலும் திருப்பரங்குன்றத்திலும் அதிமுக வென்றது.

2019-க்கும் 2024-க்கும் இடையிலான மாற்றத்தை இனி அளந்து பார்க்கலாம். காங்கிரஸ் 85,627 வாக்குகளை இழந்தது. தேமுதிக 3,16,329-லிருந்து 3,80,877-க்கு, அதாவது 64,548 வாக்குகள் உயர்ந்தது. வெற்றி வித்தியாசம் 1,54,554-லிருந்து 4,379 ஆகக் குறைந்தது. காங்கிரஸ் இழந்தது தேமுதிகவுக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் 2019-ல் தேமுதிக வேட்பாளரின் பின்னால் அதிமுகவோடு பாஜகவும் பாமகவும் இருந்தன. 2024-ல் பாஜக தனி அணி அமைத்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் பெற்றது. ஆகவே தேமுதிக பெற்ற கூடுதல் வாக்கு, பாஜக விலகியதால் ஏற்பட்ட இழப்பையும் ஈடுகட்டிய பின் எஞ்சியது. 2019-ல் தனித்து நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்ற அமமுக, 2024-ல் பாஜக அணியில் இருந்தது. 2019-ல் தனித்து நின்ற மக்கள் நீதி மய்யம் 2024-ல் போட்டியிடாமல் திமுக அணியை ஆதரித்தது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பர் 28-ல், விஜயகாந்த் மறைந்ததும், அவருடைய மகனே வேட்பாளராக நின்றதும் சொந்த மண்ணில் எழுப்பிய அனுதாபத்தைப் படிவம் 20-ல் எந்தப் பத்தியும் தனியே பிரித்துக் காட்டாது. நேருக்கு நேர் ஒப்பிடக்கூடியது நாம் தமிழர் கட்சி மட்டுமே: இரண்டு தேர்தலிலும் தனித்து நின்று, ஏறத்தாழ 53 ஆயிரத்திலிருந்து 77 ஆயிரத்துக்கு உயர்ந்திருக்கிறது, அதுவும் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய் ஒலிவாங்கிச் சின்னத்தில் நின்ற தேர்தலில்.

ஒரே நாளில் இரண்டு வாக்குகள்: சாத்தூர் 2019

சாவடி எண்களைப் படிப்பதில் நான் மிகவும் பரிந்துரைக்கும் பயிற்சி இது. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கான இடைத்தேர்தலும் தமிழகத்தில் நடந்தது. அவற்றில் ஒன்று சாத்தூர். அங்குள்ள வாக்காளர் அன்று ஒரே சாவடிக்குள் நுழைந்து, ஒரே பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டு, மக்களவைக்கு ஓர் இயந்திரத்திலும் சட்டமன்றத்துக்கு இன்னோர் இயந்திரத்திலும் வாக்களித்தார். மக்களவைத் தொகுதி முழுவதும் திமுக கூட்டணி ஒன்றரை லட்சம் வாக்குகளில் முன்னிலை பெற்ற அதே நாளில், சாத்தூர் சட்டமன்ற இடைத்தேர்தலில் அதிமுகவின் ராஜவர்மன் மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றார்.

ஆண்டுகளுக்கு இடையே ஒப்பிடும்போது நம்மைத் தொல்லைப்படுத்தும் இறந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், சாவடி பிரிப்பு, பட்டியல் திருத்தம் ஆகிய எதுவும் இங்கே குறுக்கிடாது. சாத்தூர்ப் பகுதிக்கான மக்களவைத் தாளையும் இடைத்தேர்தல் தாளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சாவடியிலும் மக்களவையில் கை சின்னம் பெற்றதிலிருந்து இடைத்தேர்தலில் உதயசூரியன் பெற்றதைக் கழியுங்கள். அதேபோல் இடைத்தேர்தலில் இரட்டை இலை பெற்றதிலிருந்து மக்களவையில் தேமுதிகவின் முரசு பெற்றதைக் கழியுங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கும் சாவடிகளைத் தனியே குறித்து, அவை ஊர்ப்புறமா, நகரமா, வேட்பாளர்களின் சொந்தப் பகுதியா, பட்டாசுத் தொழிலாளர்கள் மிகுந்த பகுதியா என்று பாருங்கள். மத்தியில் யார் ஆள வேண்டும், மாநிலத்தில் யார் இருக்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்த்து வாக்களித்தவர்கள் எந்த ஊர்களில் அதிகம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு தரவு நம்மிடம் இல்லை. திருப்பரங்குன்றத்தில் இடைத்தேர்தல் ஒரு மாதம் கழித்து மே 19 அன்று நடந்தது, திமுக வென்றது. அதையும் ஒப்பிடலாம், ஆனால் சாத்தூரைப் போல அதே நாளின் வாக்காளர்கள் அல்லர் என்பதால் சற்றுத் தள்ளி நின்றே முடிவு சொல்ல வேண்டும்.

எண்களிலிருந்து சொல்லக்கூடாதவை

ஒரு சாவடியில் ஒரு கட்சி 60 வாக்குகள் இழந்து மற்றொன்று 60 வாக்குகள் பெற்றால், அந்த 60 பேரே மாறினார்கள் என்று பொருளல்ல. முதல் கட்சியின் ஆதரவாளர்கள் வெளியூரிலிருந்து வராமல் இருந்திருக்கலாம். இரண்டாவது கட்சிக்குப் புதிய இளம் வாக்காளர்கள் கிடைத்திருக்கலாம். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் வாக்குப்பதிவு நாளில் ஊர் திரும்பினார்களா என்பதே சில கிராமங்களில் முடிவைத் தீர்மானிக்கும். சாவடியின் கூட்டுத்தொகையை வைத்துத் தனி மனிதரின் முடிவை ஊகிக்க முடியாது; ஒரு சமூகத்தின் முடிவையும் ஊகிக்கக் கூடாது.

இதை வெறும் புள்ளியியல் எச்சரிக்கையாக நான் சொல்லவில்லை. ஒரு சாவடி ஒரே தெருவையோ ஒரே குடியிருப்பையோ மட்டும் உள்ளடக்கியிருந்தால், அங்கே விழுந்த வாக்குகளை வெளியிடுவது அந்த மக்களின் வாக்கு ரகசியத்தை ஏறக்குறைய வெளியிடுவதற்கு ஒப்பாகும். வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. இயந்திரம் வந்த பின் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றுசேர்த்துக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் யோசனை தெரிவித்தது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதுவரை பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. கட்டுரையோ பதிவோ எழுதும்போது, 500 பேருக்குக் குறைவான சாவடிகளை அருகிலுள்ள சாவடிகளோடு சேர்த்து, ஊராட்சி அளவிலோ நகராட்சி வார்டு அளவிலோ எண்களைக் கொடுங்கள். குடியிருப்பின் பெயரையும் சாதியின் பெயரையும் சாவடி எண்ணோடு இணைத்து எழுதாதீர்கள். வாக்களிக்கவில்லை என்பதற்காக ஒரு தெருவுக்குக் குடிநீர் மறுக்கப்படுவதற்கு உங்கள் அட்டவணை கருவியாகிவிடக் கூடாது.

எண்ணிக்கை நாளிலேயே படிப்பதற்கு ஒரு குறிப்பு

படிவம் 20 இணையதளத்தில் ஏறச் சில வாரங்களாவது ஆகும். அதற்கு முன்பே ஊரின் போக்கை ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் பொதுவாக 14 மேசைகள் போடப்பட்டு, சாவடி எண் வரிசையில் இயந்திரங்கள் எண்ணப்படுகின்றன. அப்படியானால் முதல் சுற்றில் 1 முதல் 14 வரையும், ஐந்தாம் சுற்றில் 57 முதல் 70 வரையும் உள்ள சாவடிகள் வெளிவரும். பாகம் எண்கள் பெரும்பாலும் நில வரிசையில் அமைக்கப்படுவதால், சுற்றும் ஒரு வட்டாரமாகவே இருக்கும். உங்கள் பாகம் எண்ணை 14-ஆல் வகுத்து, மீதி வந்தால் ஈவோடு ஒன்றைக் கூட்டினால் உங்கள் சுற்று தெரியும்: 143ஆம் சாவடி பதினோராம் சுற்றில் வரும். மேசைகள் 14-க்குப் பதில் வேறு எண்ணிக்கையில் போடப்படும் இடங்களும் உண்டு. அதை முந்தைய நாளே முகவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சுற்றில் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளை, அதுவரையான மொத்தத்திலிருந்து முந்தைய சுற்றின் மொத்தத்தைக் கழித்துப் பெறலாம். தொலைக்காட்சியில் ஓடும் முன்னிலை எண் ஆறு சட்டமன்றப் பகுதிகளின் வெவ்வேறு சுற்றுகளைக் கூட்டியது என்பதால் அது இந்தக் கணக்குக்குப் பயன்படாது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனியே அறிவிக்கப்படும் சுற்றுவாரி எண்களே வேண்டும். 2024 ஜூன் 4 அன்று விருதுநகரில் முன்னிலை மாறி மாறி வந்ததற்கு ஒரு காரணம் இதுவே: ஆறு பகுதிகளும் ஒரே வேகத்தில் எண்ணப்படுவதில்லை. எல்லாச் சுற்றுகளும் முடிந்த பின், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகள் (வாக்களித்ததும் அச்சாகும் சரிபார்ப்புச் சீட்டுகள்) எண்ணப்பட்டு இயந்திரக் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன. விருதுநகர் போன்ற தொகுதியில் அவை மொத்தம் முப்பது சாவடிகள். எவையெவை தேர்வாயின என்பதை முகவர்களிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு படிவம் 20 வந்ததும் அந்த முப்பது வரிசைகளை முதலில் சரிபாருங்கள்.